கோழிக்கூண்டுக்கு வாங்கிய போல்ட்

அத்தியாயம் 9

செத்தவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஜோக் அடிக்கக் கூடாது என்று ஜெரால்டின் உதவியாளர் திவ்யாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அண்ணே, உடம்பெல்லாம் மினுக்குது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி. மூஞ்சி மட்டும்தான் இல்ல."

ஜெரால்ட் போலீஸ் ஸ்டேஷனின் பின்கொல்லையில், பிடித்துப்போட்ட மணல் லாரிகளுக்கும் எலும்புக்கூடாகிப்போன டூவீலர்களுக்கும் நடுவே நின்ற அந்த வெள்ளை ஜீப்புக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்தான். அவன் முந்தி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து வண்டிகளைப் பார்த்துக் கொடுத்தவன். அதாவது, காசு கொடுக்காமலிருக்கக் காரணம் கண்டுபிடிக்கிற வேலை. அதை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, இனிமேல் நல்லவர்களுக்காகத் தரையில் புரளலாம் என்று நினைத்திருந்தான். தரை மட்டும் மாறவில்லை.

ஜீப் அறுபது வருஷத்துக்கு முந்தினது. ஓய்வுபெற்ற ட்ராயிங் மாஸ்டர் லாசர் அதை ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளையாக வளர்த்துவந்தார். போன வாரம் நாகமலை தாண்டி உசிலம்பட்டி ரோட்டில், பள்ளமும் இல்லாத திருப்பமும் இல்லாத இடத்தில், ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப சக்கரம் இன்னொரு பக்கம் போனது. புளியமரம் நகரவில்லை. லாசர் அங்கேயே முடிந்துபோனார்.

சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்க வேண்டும். இரண்டுமே அறுந்திருந்தன. ஒன்று போலீஸ் கையில். மற்றதன் தலைப் பாதியை ஜெரால்ட் இன்று காலையில்தான் மரத்தடிப் புழுதியிலிருந்து பொறுக்கியிருந்தான். இன்ஸ்பெக்டரிடம் காட்டி, சாயங்காலத்துக்குள் ஒப்படைப்பதாகச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் பாண்டிராஜ் ஜெயிலில் இருந்தான். தெரிந்தே மட்டமான சாமானைப் போட்டு ஆளைக் கொன்றுவிட்டான் என்று வழக்கு. நாளைக்கு ஜாமீன் மனு வருகிறது. அவன் அந்த போல்ட்டை எந்தக் கடையில் வாங்கினான் என்று பிடித்துக்கொடுத்தால் ஆள் வெளியே வர முடியாது. லாசரின் மனைவி ஹெப்சிபா டீச்சர் ஜெரால்டை அமர்த்தியது அதற்குத்தான்.

"ஏம்மா, டார்ச்சைக் காட்டு."

காட்டினாள். இரும்புக் கையின் கருப்புப் பரப்பில், போல்ட் உட்காரும் துளையின் ஓரத்தில், மஞ்சள் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு. துளை விளிம்பு வரைக்கும் வந்து சட்டென்று நின்றிருந்தது.

ஜெரால்ட் பையிலிருந்த போல்ட்டை எடுத்துத் துளையில் வைத்துப் பார்த்தான். எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளத்தது. தலையில் மஞ்சள் இல்லை, மஞ்சள் இருந்த தடமும் இல்லை. அறுந்த முனை ஜவ்வு மிட்டாயை இழுத்ததுபோல் மெலிந்து நீண்டிருந்தது.

"துருவே இல்லையேண்ணே. நல்ல போல்ட்டாத்தான தெரியுது?"

"அதுதான் எனக்குப் பிடிக்கலை."

*

பாண்டிராஜின் ஷெட் அதே உசிலம்பட்டி ரோட்டில் கொஞ்சம் தள்ளி, கருவேலங்காட்டு ஓரத்தில் இருந்தது. கதவில் போலீஸ் சீல். வாசலில் அவன் மனைவி முத்துமீனா, கம்பி வைத்து இறுக்கிக்கட்டிய கோழிக்கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து நொய்யரிசி போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"டீச்சரம்மா அனுப்பினாங்களா? இன்னும் என்ன மிச்சம் இருக்கு? கோழி இருக்கு. பிடிச்சுட்டுப் போங்க."

"கோழி மேல புகார் வரலக்கா," என்றாள் திவ்யா.

"வரும். இந்த ஷெட்டுல முட்டை போட்டதே குத்தம்பாங்க."

ஜெரால்ட் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினான். "இந்த மஞ்சள் கோடு என்னம்மா?"

அவள் பார்த்ததும் முகம் ஒரு கணம் இளகியது. "பொட்டு. அவரு வைக்கிறது. ஸ்டியரிங்கு, பிரேக்கு, இந்த மாதிரி உசுரு சம்பந்தப்பட்ட எடத்துல கருப்பு போல்ட்டைப் போட்டு முடுக்கிட்டு, போல்ட்டு தலையிலருந்து வண்டி மேல வரைக்கும் ஒரே இழுப்பா ஒரு கோடு போட்டுருவாரு. யாராச்சும் தொட்டா கோடு பிசகிரும்ல? லாசர் சார் சிரிப்பாரு. 'வேதக்காரன் வண்டிக்குப் பொட்டு வச்சிட்டியேடா'ன்னு."

"இந்த மாதிரி பளபளப்பு போல்ட் அவர் வாங்கினது உண்டா?"

"கதவுக்கு, நம்பர் பிளேட்டுக்குப் போடுவாரு. பொட்டு வைக்கிற எடத்துக்குப் போடமாட்டாரு. இதைத்தான் போலீஸ்ல தொண்டை கிழியச் சொன்னோம். எழுதிக்கவே இல்ல." கையிலிருந்த அரிசியை மொத்தமாகக் கூண்டுக்குள் வீசினாள். "சார், அந்த வீட்டுல எங்க வீட்டுக்காரரை நாற்காலியில உக்காத்தி வச்சுத்தான் காபி கொடுப்பாங்க. இந்தப் பக்கத்துல எம்புட்டுப் பேரு அப்படிக் கொடுப்பாங்கன்னு நினைக்கிறீங்க? அதனாலதான் இம்புட்டு வலிக்குது. திண்ணையில நிக்க வச்சவன் கொடுத்த புகாரா இருந்தா நான் அழுதிருக்கவே மாட்டேன்."

திவ்யா வாயைத் திறந்தாள். சொல்ல வந்த ஜோக்கை அப்படியே விழுங்கிவிட்டாள்.

*

மதுரையில் ஒரு கடைக்காரரைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமென்றால் எதிர்க் கடைக்காரரைக் கேட்டால் போதும். பணம் வாங்காமல் சொல்வார். போல்ட் தலையில் குத்தியிருந்த சின்ன நட்சத்திர முத்திரையைக் காட்டி மாரட் வீதியில் இரண்டு இடத்தில் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே கடையைக் கைகாட்டினார்கள், ஒரே மாதிரி முகத்தைச் சுளித்து.

கடைக்குள் பால்பாண்டி அண்ணாச்சி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். போல்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ம சரக்கு இல்ல தம்பி."

திவ்யா பெருமூச்சு விட்டாள். "நானும் அதைத்தாண்ணே சொன்னேன். எதிர்க்கடையில, 'இம்புட்டு மட்டமான சரக்கை அந்தாளு ஒருத்தர்தான் விப்பாரு'ன்னாங்க. அண்ணாச்சி முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலயே."

"மட்டமா? எவன் சொன்னான்?" அண்ணாச்சி போல்ட்டைப் பிடுங்கினார். "ஒரிஜினல் எஸ்.எஸ்.! ராமேஸ்வரத்துல கடலுக்குள்ள கிடந்தாலும் துரு ஏறாது. மதுரையில வேற எவன்கிட்ட இருக்கு இந்த நட்சத்திரம்?"

"அப்ப உங்க சரக்குதான்," என்றான் ஜெரால்ட்.

அண்ணாச்சி வாயை மூடினார். கொஞ்சம் தாமதம்.

"இதை ஒரு ஜீப் ஸ்டியரிங்ல போட்டு ஒருத்தர் செத்துட்டார் அண்ணாச்சி. ஸ்டியரிங்குக்குன்னு தெரிஞ்சா வித்தீங்க?"

"முருகா! எவனாவது ஸ்டியரிங்குக்கு இதைக் கொடுப்பானா?" அவர் குரலில் பயமும் தொழில் ரோஷமும் ஒன்றை ஒன்று தள்ளின. "இது துருவுக்குத் தாங்கும் தம்பி, இழுவைக்குத் தாங்காது. ஸ்டியரிங்குன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா இழுவை தாங்குற கருப்பு ஹைடென்சிலைத்தான் எடுத்துப் போட்டிருப்பேன். துருவுக்குப் பயந்தா மேல அடிக்க ஜிங்க் பெயிண்ட் ஒரு டப்பாவையும் தலையில கட்டியிருப்பேன். எனக்கும் ரெட்டை வியாபாரம். கோழிக்கூண்டுக்குன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனாங்க!"

திவ்யா ஜெரால்டைப் பார்த்தாள்.

"கோழிக்கூண்டுக்கா?" என்றான் ஜெரால்ட். "இது இஞ்ச் கணக்குல, பொடிசா திருகு மறை வெட்டின பழைய வண்டி போல்ட்டு. கோழிக்கு எதுக்கு இதுன்னு கேக்கலையா?"

"எதுக்குன்னு ஒரு தடவை கேட்டேன். கோழிக்கூண்டுன்னாங்க. அதுக்கு மேல குடைஞ்சா கிராக்கி எந்திரிச்சுப் போயிரும்." அண்ணாச்சி தராசைத் துடைத்தார். "இங்க வர்றவங்க எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான் தம்பி. பழைய ஜீப்புக்குன்னு சொன்னா நாங்க விலையை ஏத்துவோம்னு அவங்களுக்குத் தெரியும். ஏத்துவோம்னு எங்களுக்கும் தெரியும். அதனால அவங்க கோழிம்பாங்க, நாங்க முட்டையைப் பத்தி விசாரிப்போம். வியாபாரம் நடக்கும்."

"அவங்கன்னா? ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையோட மூடியிருந்தாங்க. மூஞ்சியை எங்க பார்த்தேன், பேரத்துல என் மூச்சே நின்னுபோச்சு. கையில ஒரு காந்தம் வேற. ஒவ்வொரு போல்ட்டா வச்சுப் பார்த்து, ஒட்டாததா பொறுக்கினாங்க. சாம்பிளுக்குக் கொண்டாந்ததைக்கூட இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க."

"இருக்கா?"

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தகரத் தட்டைத் துழாவி ஒரு கருப்பு போல்ட்டை எடுத்துப் போட்டார். ஜெரால்ட் திருப்பினான். தலையில், நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும், ஒரு மஞ்சள் கோட்டின் பாதி.

ஜீப்பில் நின்றுபோன கோடு இங்கேதான் ஆரம்பித்திருந்தது.

தெருவுக்கு வந்ததும் திவ்யா குதித்தாள். "முடிஞ்சுபோச்சுண்ணே! பொம்பளை, கோழிக்கூண்டு. முத்துமீனாக்கா நம்மளையே அழவச்சுருச்சு பாருங்க. புருஷன் பொண்டாட்டியை அனுப்பி வாங்கியிருக்கான்."

"அந்தக் கூண்டுல ஒரு போல்ட்டாவது பார்த்தியா? பூரா கம்பிக்கட்டு."

"பொய்தான சொல்லணும், கூண்டு எப்படி இருந்தா என்ன?"

"சரி. மெக்கானிக்கு ஒருத்தன் போல்ட் வாங்க ஆள் அனுப்பினா என்ன கொடுத்து அனுப்புவான்?"

"காசு."

"சைஸ். வாயாலயே சொல்லி அனுப்புவான். சாம்பிளைக் கழட்டிக் கையில கொடுத்து விடுறவன் சைஸ் தெரியாதவன். அதுவும் தான் பொட்டு வச்ச போல்ட்டைத் தானே கழட்டி, அதை விட மட்டமா ஒண்ணு வாங்கிட்டு வான்னு பாண்டிராஜ் ஏன் சொல்றான்?"

திவ்யாவின் குதிப்பு நின்றது. "அப்ப யாருண்ணே?"

ஜெரால்ட் பைக்கை உதைத்தான். அவனுக்குள் ஒரு கணக்கு விடைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அது தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று, வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது.

*

ஞானஒளிவுபுரத்து வீட்டில் ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஹாலில் லாசரின் படத்துக்கு மேல் சீரியல் பல்பு. ஹெப்சிபா டீச்சர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். துக்கத்திலும் சேலை மடிப்பு கலையாதவர். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கடையைப் பிடிச்சிட்டீங்களா தம்பி?"

"பிடிச்சாச்சு டீச்சர்."

"எனக்குத் தெரியும். இவர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அந்தப் பாண்டிராஜ் நம்மளை ஏமாத்துறான்னு. துரு பிடிக்காத சாமானாப் போடுடான்னா, மழை விட்ட ரெண்டாம் நாள் வெள்ளை பெயிண்ட்ல சிவப்பா வழியுது. கேட்டா, 'எண்ணெய் தடவிக்கங்க, அதை மட்டும் மாத்தாதீங்க'ன்னு சொல்றான். இவரு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. என்னை இதுவரைக்கும் எந்தக் கடைக்காரனும் ஏமாத்தினது இல்ல தம்பி. இவரைத்தான் எல்லாரும் ஏமாத்துவாங்க."

ஜெரால்ட் அறுந்த போல்ட்டை டீப்பாயில் வைத்தான். "உடைஞ்சது இதுதான் டீச்சர். நீங்க இன்னும் பார்க்கலைல்ல?"

"போலீஸ்ல காட்டவே இல்லையே."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து, ஊசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்தார். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. பாத்திரக்கடையிலும் நகைக்கடையிலும் பழகின கை. காந்தத்தைப் போல்ட்டின் தலையில் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஒட்டலையே."

போல்ட்டின் தலையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"இது நல்ல சரக்குல்ல?" என்றார். குரலில் ஒரு வினாடி திருப்திகூட இருந்தது. "இந்த நட்சத்திரம்… இது நான்…"

வாக்கியம் அங்கேயே நின்றது. காந்தத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

ஜெரால்ட் கருப்பு போல்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். காந்தம் தானாகத் தாவி 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

"இது பாண்டிராஜ் போட்டது டீச்சர். மாரட் வீதிக் கடையில நீங்க விட்டுட்டு வந்த சாம்பிள்."

"ஒட்டுதே. இது வெறும் இரும்பு."

"உறுதியான இரும்பு. துரு பிடிக்கும், அறுந்துபோகாது. நீங்க வாங்கினது துரு பிடிக்காது."

கணக்கு டீச்சருக்கு மீதியைப் போடத் தெரியும்.

"பழைய வண்டி ஊர்வலம் வருதுன்னாரு," ஹெப்சிபா டீச்சர் படத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார். "அதுக்குள்ள எல்லாத்தையும் பளிச்சுன்னு மாத்திரணும்னு. கையில இதைக் கொடுத்து, இதே அளவுல துரு பிடிக்காததா வாங்கிட்டு வா, நீதான் ஏமாற மாட்டேன்னாரு. எந்த இடத்துல இருந்து கழட்டினதுன்னு நான் கேக்கலை. கதவோ, பானெட்டோன்னு இருந்துட்டேன். அவரே உக்காந்து மாட்டினாரு, வாசல்ல. பாட்டுப் பாடிக்கிட்டே. உடைஞ்சது பாண்டிராஜ் போட்ட ஏதோ ஒண்ணு, நாம வாங்கினது எல்லாம் நல்லாத்தான் இருக்கும்னு…" கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கடைக்காரரு எதுக்குன்னு கேட்டாரு தம்பி. ஒரு தடவை கேட்டாரு."

திவ்யா காபி டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

டீச்சர் நிமிர்ந்தபோது முகத்தில் வேறொரு ஆள் இருந்தார். கடைவீதியில் பழகின ஆள்.

"நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்."

"நீங்க விட்டாலும் வழக்கு விடாது டீச்சர். அரசாங்கம் நடத்துறது."

"அப்ப அவரே வாங்கினாருன்னு சொல்லிருவோம். அவரு ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

"கடைக்காரர் பொம்பளைன்னு சொல்வாரு."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"டீச்சர்."

"சரி, நாளைக்கு வேண்டாம். மக ரூத்துக்கு மாசம் நிறைஞ்சிருக்கு. பிரசவம் ஆகட்டும். அப்பாவை நான்தான் கொன்னேன்னு இந்த நேரத்துல அவளுக்கு எப்படிச் சொல்லுவேன்? ஒரு மாசம் தள்ளுங்க. ஒரே ஒரு மாசம். பாண்டிராஜ் குடும்பத்துக்கு அதுவரைக்கும் வேண்டியதை நான் செய்றேன். முத்துமீனா மாட்டேன்னா சொல்லப் போறா?"

இன்சூரன்ஸ் காலத்தில் ஜெரால்ட் இதைவிடப் பெரிய பேரங்களைப் பார்த்திருக்கிறான். எதிராளி பொய் சொல்லும்போது மறுப்பது சுலபம். இந்த அம்மா கடைசியாகச் சொன்னதில் மகள் வயிற்றுப்பிள்ளை வரைக்கும் எல்லாம் நிஜம்.

"அவன் உள்ள இருக்கான் டீச்சர்," என்றான். "சீல் வச்ச ஷெட்டு. வெளிய வந்தாலும் இனிமே எவன் அவன்கிட்ட வண்டியைக் கொடுப்பான்னு தெரியலை. அதுல ஒரு மாசத்தையும் நம்ம எடுத்துக்க வேண்டாம்."

"நீங்க எனக்காக வேலை பாக்குறவரு தம்பி."

"ஆமா டீச்சர். நீங்க கேட்டது அந்தக் கடையை. கண்டுபிடிச்சிட்டேன்."

அதைச் சொன்னபோது அவனுக்கே வாய் கசந்தது.

ஹெப்சிபா டீச்சர் எழுந்தார். உள்ளே போய் முகம் கழுவினார். ஜன்னல்களைச் சாத்தினார். இரண்டு போல்ட்டுகளையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து ஜெரால்ட் கையில் கொடுத்தார், பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுப்பதுபோல. காந்தம் டீப்பாயிலேயே கிடந்தது.

"ஸ்டேஷன்ல முத்துமீனா இருப்பாளா?"

"இருக்க மாட்டாங்க டீச்சர்," என்றாள் திவ்யா. "ஆனா நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவாங்க."

டீச்சர் தலையை ஆட்டினார். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருவுக்கு வந்தார்.

பைக்கில் மூன்று பேர் போக முடியாது. திவ்யா கைகாட்டி ஆட்டோவை நிறுத்தினாள். டிரைவர் ஸ்டேஷன் பேரைக் கேட்டான், தனியாக நின்ற வயதான அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வழக்கமானதைப்போல் இரண்டு மடங்கு சொன்னான்.

"ஏண்ணே, ஆட்டோவையே விலைக்குச் சொல்றீங்களா?" என்று திவ்யா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது ஹெப்சிபா டீச்சர் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"போங்க," என்றார் டிரைவரிடம்.